இரண்டு தெனாரியத்துக்குப் பிறகு

(பொதுக்காலம் 15-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 10: 25-37)



நல்ல சமாரியர் உவமைக்கு நான் எத்தனை முறை மறையுரை ஆற்றியிருப்பேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் குருவையும் லேவியரையும் ஒரு பிடி பிடிப்பேன். சமாரியரைத் தலைமேல் தூக்கி வைப்பேன். நாமும் அவரைப்போல இருக்க வேண்டும் என்று சொல்லி விசுவாச அறிக்கைக்கு எழுந்து நின்றுவிடுவேன். நீங்களும் எழுந்து நிற்பீர்கள். எல்லாருக்கும் ஒரு திருப்தி.

அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அவரைப் பற்றி நான் இதுவரை பேசியதே இல்லை. சாவடிக்காரர்.

சமாரியர் சாவடியில் எத்தனை நாள் தங்கினார்? ஓர் இரவு. மறுநாள் கிளம்பிவிட்டார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறது, தப்பில்லை. ஆனால் கள்வர்கள் அடித்துக் குற்றுயிராய்ப் போட்ட உடம்பு ஓர் இரவில் தேறுமா? இரண்டாம் நாள் கட்டை அவிழ்த்துச் சீழைத் துடைத்தது யார்? கஞ்சி வைத்துக் கொடுத்தது யார்? நடுச்சாமத்தில் அடிபட்டவர் பயந்து அலறியபோது எழுந்து போய் விளக்கை ஏற்றியது யார்? "என் வீட்டுக்கு யார் தகவல் சொல்வார்கள், கையில் காசில்லாமல் எப்படித் திரும்பிப் போவேன்" என்று அவர் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? லூக்கா அவருக்கு ஒரு வசனம்கூடக் கொடுக்கவில்லை. அவர் பெயரும் தெரியாது. அதோடு, அவர் இதைக் கூலிக்குச் செய்தார். சமாரியர் கொடுத்தது இரண்டு தெனாரியம். திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம் என்று படிக்கிறோம். ஆக, இரண்டு நாள் கூலியும், மேலே ஆவதைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்ற ஒரு வாக்கும்.

இன்று நான் பேச நினைப்பது இந்தச் சாவடிக்காரரைப் பற்றித்தான். நம் பங்கிலும் அவரைப் போன்றவர்கள் உண்டு: எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டுச் சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் நானும் இருந்தேன். "தம்பி என்ன வேலை?" "சமூகப் பணியாளருங்க." "அது சரி, வேலை என்ன?" என்று மறுபடியும் கேட்டார் பெண்ணின் தகப்பனார். பையன் என்னைப் பார்த்தான். நான் காப்பியைப் பார்த்தேன்.

குற்றம் அந்தத் தகப்பனார்மேல் இல்லை. நம் ஊரில் அந்தச் சொல்லே கெட்டுக் கிடக்கிறது. தெருமுனை ஃப்ளெக்ஸ் பலகையைப் பாருங்கள். கூலிங்கிளாஸ் போட்டுக் கைகூப்பி நிற்கிறவர் எல்லாரும் "சமூக சேவகர்". பத்துப் பேருக்கு அரிசிப் பையைக் கொடுத்து இருபது படம் எடுத்தால் அந்தப் பட்டம் வந்துவிடுகிறது. நான் சொல்கிறவர்கள் வேறு. இவர்கள் படத்தில் இருக்க மாட்டார்கள். இருக்கவும் கூடாது. காரணம் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் என் கதை ஒன்று. குருவாகி இரண்டாம் ஆண்டு. பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் காலில் புண்ணோடு, ஈ மொய்க்கக் கிடந்தார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். சீட்டு போட்டு, படுக்கை வாங்கி, லுங்கியும் ரொட்டியும் பாலும் வாங்கிக் கொடுத்து, ஆயாம்மா கையில் இருநூறு ரூபாயைத் திணித்துவிட்டுத் திரும்பினேன். மனது பஞ்சாய்ப் பறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மறையுரையில் அதைச் சொல்லவும் சொன்னேன். (சமாரியர் ஊருக்குப் போய் இதைச் சொன்னதாக நற்செய்தியில் இல்லை.)

ஒன்பது நாள் கழித்துப் போனால் அந்தக் கட்டிலில் வேறு யாரோ. விசாரித்ததில் ஓர் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண், முப்பது வயது இருக்கும், தடித்த பதிவேடு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். "மூணாம் நாளே டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்க ஃபாதர். கட்டுப் போட்டாச்சு, ஆள் நடக்குறாரு, கட்டில் வேணும். எங்க போவாருன்னு யாரும் கேக்கல. எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும். சாயங்காலம் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல தேடிப் பாத்தேன், கிடைக்கல."

பிறகு கேட்டார்: "அவர் பேரு என்ன ஃபாதர்?"

எனக்குத் தெரியவில்லை. பெரியவர் பேசக்கூடியவர்தான். அவசரத்தில் நான் கேட்கவில்லை. சீட்டில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதச் சொன்னதே நான்தான்.

அவர் என்னைத் திட்டவில்லை. "அவருக்குச் சர்க்கரை இருக்கு. சாப்பாடும் மாத்திரையும் இல்லாம கட்டு மட்டும் போட்டா அந்தப் புண்ணு ஆறாது. வீடு எங்க, ஏன் வெளிய வந்தாரு, மகன் இருக்கானா, முதியோர் உதவித்தொகை வருதா, இதெல்லாம் கேட்டுட்டு ஒரு இல்லத்துல இடம் பாத்திருப்பேன். நீங்க போற வழியில என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும்" என்றார்.

நான் செய்தது முதல் நாள் வேலை. அவர் கேட்டது இரண்டாம் நாள் கேள்விகள். அன்று எனக்குப் புரிந்தது: என்னிடம் இரக்கம் இருந்தது, சாவடி இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நானூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு பெரிய புனிதருக்கே நேர்ந்தது. 1617 ஆகஸ்டு மாதம், பிரான்சு நாட்டில் ஷாத்தியோன் என்ற சிற்றூர். வின்சென்ட் தே பவுல் அங்கே பங்குத்தந்தை. ஞாயிறு திருப்பலிக்கு உடை அணிந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் எல்லாரும் நோயில் விழுந்து கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்கிறார். வின்சென்ட் மறையுரையில் அதைச் சொன்னார். மாலையில் அந்த வீட்டுக்கு நடந்து போகிறார். வழியெல்லாம் கூட்டம். போகிறவர்கள், வருகிறவர்கள், வெயில் தாங்காமல் வழியோரம் உட்கார்ந்து இளைப்பாறும் பெண்கள். ஊரே சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறது!

என் போன்றவர்களாக இருந்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். வின்சென்ட் கணக்குப் போட்டார். இவ்வளவு சாப்பாட்டை இன்றைக்கே அவர்களால் சாப்பிட முடியாது, மிச்சம் கெட்டுப்போகும். நாளைக்கு? நாளை மறுநாளைக்கு? அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டுகொண்டார். சில நாட்களிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி ஒரு சபை அமைத்தார். ஆளுக்கு ஒரு நாள் முறை. யார் சமைப்பது, பணம் யார் கையில், கணக்கு யாரிடம், எல்லாவற்றுக்கும் விதி எழுதினார். அந்த விதிகளில் ஒன்றைப் படித்து நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நோயாளிகளைப் பார்க்கப் போகும் பெண், துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போகவேண்டும். யாருமில்லாதவரிடம் கடைசியாகப் போகவேண்டும். ஏன்? அவரோடு அதிக நேரம் இருக்கலாம் அல்லவா! இன்றைக்குச் சமூகப் பணிக் கல்லூரியில் இரண்டு ஆண்டு சொல்லிக்கொடுப்பதன் சாறு இந்த ஒரு விதிக்குள் இருக்கிறது.

ஷாத்தியோன் தெருவை நாமும் பார்த்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். திருக்குடும்பத் திருவிழா ஞாயிறு. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோனது. வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அதில் உண்டு. அடுத்த வாரமே நாடெங்கும் இருந்து லாரி லாரியாகத் துணி வந்தது. மீனவர் வாங்க மறுத்த பழந்துணி நாகை சாலையோரங்களில் மலையாகக் குவிந்து மழையில் மக்கியது. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். அவர்களுக்கு முதல் நாள்தான் தெரிந்திருந்தது. லாரிகள் திரும்பிப் போன பிறகும் அங்கே தங்கியவர்கள் வேறு வேலை செய்தார்கள். எந்தப் பிள்ளைக்கு யார் மிச்சம் என்று பட்டியல் எடுத்தார்கள். கடலைப் பார்த்தாலே நடுங்கிய சிறுவர்களோடு உட்கார்ந்து படம் வரைந்தார்கள். கணவனை இழந்தவர் பெயருக்கு வங்கிக் கணக்கு தொடங்க அலைந்தார்கள். நம் மறைமாவட்டங்களின் பல்நோக்கு சமூக சேவை சங்கங்களில் அன்று வேலை பார்த்த பலர் அந்த அனுபவத்தை இன்றுவரை சுமக்கிறார்கள்.

வின்சென்ட் எழுதிய விதிகளை ஊர் ஊராகப் போய்ச் சரிபார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1629-இல் அந்த வேலையை ஒரு விதவையிடம் கொடுத்தார். லூயிஸ் தெ மரியாக். 1591-இல் பிறந்தவர், தன் தாய் யார் என்றே அறியாமல் வளர்ந்தவர். அவர் போன ஊர்களில் கணக்கைப் பார்த்தார், நோயாளிகளைப் பார்த்தார், சோர்ந்துபோன சபைகளை நிமிர்த்தினார். 1633-இல் சில கிராமத்துப் பெண்களைத் தன் வீட்டிலேயே சேர்த்துப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார். பிறரன்புப் புதல்வியர் சபை அப்படித்தான் பிறந்தது. பின்வந்த ஆண்டுகளில் அந்தப் பெண்கள் எங்கெல்லாம் போனார்கள் தெரியுமா? பாரிஸ் தெருவில் வீசப்பட்ட குழந்தைகளிடம், துடுப்புக் கப்பலுக்கு அனுப்பப்படச் சங்கிலியோடு காத்திருந்த கைதிகளிடம், முதியோரிடம், மனநோயாளிகளிடம், போரில் காயம்பட்டவர்களிடம். இன்றைய சமூகப் பணிப் பாடப்புத்தகத்தின் பொருளடக்கம் கிட்டத்தட்ட இதுதான். 1960-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் இவரைச் சமூகப் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

நம் நாட்டில் இதை ஒரு படிப்பாகச் சொல்லிக்கொடுக்கும் முதல் பள்ளி 1936-இல் மும்பையில் தொடங்கியது. பணம் டாட்டா அறக்கட்டளையுடையது, முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்க மறைப்பணியாளர். சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கினார். அவர் உதகையில் பிறந்த பார்சிப் பெண்மணி. வரலாறு போதும்.

சரி, இவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? நீங்கள் நினைக்காத இடத்தில் எல்லாம். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு அடைபட்டவர்களை மீட்டு, கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்றிதழ் வாங்கித் தரும்வரை கூடவே நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிகளில், சிறைகளில், முதியோர் இல்லங்களில், குடிநோய் மீட்பு மையங்களில் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன், மூன்றும் நம் வீட்டு வாசலில் இருப்பதால்.

முதலாவது, சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைகள். 18 வயது நிரம்பாத ஒரு பையன் திருடினான் என்று வையுங்கள். அவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். அங்கே நடுவர் ஒருவர் மட்டும் உட்காருவதில்லை. அவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இது. பையன் என்ன செய்தான் என்று மட்டும் பார்த்தால் போதாது, அவனுக்கு என்ன நடந்தது என்றும் கேட்க ஆள் வேண்டும் என்று நாடாளுமன்றமே ஒத்துக்கொண்டிருக்கிறது. நாம்தான் இன்னும் "அவன் வீட்டுப் பக்கம் போகாதே" என்று நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 1996-இல் மும்பையின் சமூகப் பணிக் கல்லூரியில் ஒரு களப்பணியாகத் தொடங்கி நாடு முழுக்கப் பரவிய எண். மறைக்கல்வி வகுப்பில் பத்துக் கட்டளைகளோடு இந்த நான்கு இலக்கங்களையும் இந்த ஆண்டு முதல் சொல்லிக்கொடுக்கிறோம்.

இதில் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். "குடும்ப மானம்", "பங்கின் பெயர்" என்று பேசிச் சமாதானம் செய்ய ஊர்ப் பெரியவருக்கும் உரிமை இல்லை, உங்கள் பங்குத்தந்தைக்கும் இல்லை. திருச்சபை இதில் உலகெங்கும் தவறியிருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல், குருக்களும் துறவியரும் இப்படிப்பட்டவற்றைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று சட்டம் போடவேண்டி வந்தது. சாலையின் மறுபக்கமாக விலகிப் போன குரு உவமையில் மட்டும் இல்லை.

இரண்டாவது, மனநோய். ஆகஸ்டு 6 நமக்கு ஆண்டவரின் தோற்றமாற்ற விழா. 2001-இல் அதே நாள் விடியற்காலை, இராமநாதபுரம் மாவட்டத்தில் தர்கா உள்ள ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் செய்தித்தாளைப் பார்த்துத் தானே வழக்காக எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளி எவரையும் எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு, மன்றாட்டு ஒருபுறம் நடக்க, மருந்தும் அங்கேயே கிடைக்கும்படி ஒரு திட்டம் வந்தது. தவா-துவா என்று பெயர். மருந்தும் மன்றாட்டும். நம் திருத்தலங்களுக்கும் சங்கிலியோடு பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் உண்டு. இன்னொரு சமயத்தாரின் துயரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

உங்களில் யாராவது வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து, "சாமி, இவளுக்குக் காத்து கருப்பு அடிச்சிருக்கு, ஜெபம் பண்ணுங்க" என்றால் கட்டாயம் ஜெபிப்பேன். ஜெபித்து முடித்ததும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்வேன். வேண்டுமானால் கூடவே வருகிறேன். மருத்துவர் மாத்திரை எழுதித் தருவார். மாத்திரையை ஏன் நடுவில் நிறுத்தினாள், மாமியார் என்ன சொன்னார், வேலை போய்விடுமா, ஊர் என்ன பேசும் என்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவர் மனநல சமூகப் பணியாளர். அதற்கென்றே தனியாகப் படித்தவர்.

மூன்றாவது, இரகசியம் காப்பது. முன்பு சொன்னேனே, இவர்கள் படத்தில் இருக்கக் கூடாது என்று, அது இதனால்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-இல் நம் சென்னையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் ஆலோசகர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரை மறுநாள் சந்தையில் பார்த்தால் தெரிந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளாமல் கடந்துபோகப் பழகியவர் அவர். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரும் எனக்கு அந்தப் பாரம் கொஞ்சம் தெரியும். நம் அன்பியக் கூட்டத்தில் சிலர், "நீ அந்த ஆஸ்பத்திரியிலதானே இருக்க, அந்த வீட்டுக்காரர் எதுக்கு வந்தாரு?" என்று கேட்கிறீர்கள். கேட்காதீர்கள்.

இனி கூலி. சமாரியர் சாவடிக்காரரிடம் "சேவைதானே, சும்மா பார்த்துக்கொள்ளுங்கள், கடவுள் தருவார்" என்று சொல்லவில்லை. மடியை அவிழ்த்துக் காசை எடுத்துக் கொடுத்தார். போதாவிட்டால் வந்து தருகிறேன் என்றார். நாம் என்ன செய்கிறோம்? முதுகலை படித்த ஒருவரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் திட்டப் பணத்தில் வைத்துக்கொண்டு, சம்பளம் கேட்டால் அர்ப்பணம் இல்லை என்கிறோம். அரசும் இதைச் செய்கிறது, தொண்டு நிறுவனங்களும் செய்கின்றன, திருச்சபை நடத்தும் அமைப்புகளும் விலக்கில்லை. ஒரு நாளில் ஏழு வீட்டு அழுகையைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கப் போகிறவர் எத்தனை நாள் தாங்குவார்? இரக்கத்துக்கும் கூலிக்கும் பகை என்று எந்த நற்செய்தியிலும் இல்லை. கூலி வாங்கியதால் சாவடிக்காரரின் கஞ்சி கசந்துபோகவில்லை.

லூக்கா சாவடிக்கு எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு, எல்லாரையும் ஏற்கும் இடம் என்று பொருள். மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் இந்த உவமையை விளக்கும்போது, அந்தச் சாவடிதான் திருச்சபை என்றார். அப்படியென்றால் நாம் நம்மை இத்தனை காலம் தவறான ஆளிடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறோம். நாம் எல்லாரும் கழுதைமேல் வருகிற சமாரியராக ஆசைப்பட்டோம். நமக்குக் கொடுத்திருப்பது சாவடி. காயம்பட்டவரை ஆண்டவர் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, பார்த்துக்கொள், நான் திரும்பி வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

இன்றைய முதல் வாசகத்தில் மோசே, கட்டளையைத் தேடி விண்ணுலகுக்கு ஏறவும் வேண்டாம், கடலைத் தாண்டவும் வேண்டாம் என்கிறார். நமக்கும் அவ்வளவு தூரம் வேண்டாம். திருப்பலி முடிந்ததும் நம் பங்கின் நான்கு சமூகப் பணியாளர்களும் கெபிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பொன்னாடை வேண்டாம், மாலை வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்ட மகள் இருந்தால், பள்ளிக்குப் போகாத பேரன் இருந்தால், பக்கத்து வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தால், போய்ப் பேசுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை அவர்களோடு வீடு சந்திக்க வர முடிந்தவர்கள் அந்த நீல நிற நோட்டில் பெயர் எழுதுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். இன்றைய இரண்டாம் காணிக்கை அவர்களுடைய பேருந்துச் செலவுக்கு.

போகிற இடத்தில் முதலில் பெயரைக் கேளுங்கள்.